ஒரு மாடிக்கு ஒரு புள்ளி

பரந்தாமனின் கணக்கில் இருந்த தப்பு நாகவல்லிக்குத் தெரிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அவனுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் சின்ன ஆபீஸ் அது. நான்கு வருஷம் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவன், லாத்தூர் பூகம்பத்துக்கு மறு வருஷம் ஆராய்ச்சி பண்ணப் போகிறேன் என்று ரூர்க்கிக்கு ரயிலேறிவிட்டான். ஆபீஸ் முடிந்த பிறகும் உட்கார்ந்து அவன் எழுதிய புரோகிராம் ஒன்று இங்கே கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது. ஐந்து மாடிக் கட்டடத்தை அது ஐந்தே புள்ளியாக்கிவிடும். ஒரு மாடியின் எடை முழுக்க ஒரு புள்ளி. அந்த மாடியை ஆடாமல் பிடிக்கிற பெருக்கல்குறி போலக் குறுக்காகப் போட்ட கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஸ்பிரிங். ரூர்க்கியில் ஒவ்வொரு தூணையும் கம்பியையும் தனித்தனியாகக் கொடுத்து நாள்கணக்கில் ஓட்டுவதை இது பத்து நிமிஷத்தில் சொல்லிவிட வேண்டும். இரண்டு விடையும் ஒத்துப்போனால் அவன் ஆராய்ச்சி தேறும். எங்கே ஒத்துப்போனது? பூகம்பத்தில் மேல்மாடி எவ்வளவு நகரும் என்று கேட்டால், இவள் இங்கே ஓட்டுகிற புரோகிராம் எப்போதும் குறைத்தே சொன்னது.

அந்தப் புண்ணியத்தில்தான் கடிதம் வந்தது. இதை மாற்றிப் பார், அதை மாற்றிப் பார் என்று வாரம் ஒன்று. கடைசி வரியில் மட்டும், இங்கே பயங்கரக் குளிர், நம்ம ஊர் டீ கிடைக்கவில்லை என்று ஏதாவது இருக்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா பார்க்காத நேரமாக அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்திருப்பாள்! வெட்கங்கெட்ட மனசு.

கொரட்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் விளங்கியது. வாசல் ஷாமியானா காற்றில் சாயும்போதெல்லாம் ஒரு பக்கத்துக் கயிறு விறைத்தது, எதிர்ப்பக்கத்துக் கயிறு தொய்ந்தது. மெல்லிய கம்பியும் அப்படித்தானே? இழுத்தால் தாங்கும், அமுக்கினால் வளைந்துவிடும். பெருக்கல்குறியில் ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான் வேலை செய்யும். பரந்தாமன் இரண்டுக்கும் பலம் போட்டு வைத்திருந்தான். திங்கட்கிழமை அதைப் பாதியாக்கி ஓட்டினாள். ரூர்க்கியிலிருந்து அவன் எழுதியிருந்த விடை கிட்டத்தட்ட அப்படியே வந்து நின்றது. சொன்னால் கடிதம் நின்றுவிடும். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவனே ஆபீசுக்கு போன் பண்ணினான். ஒன்பது மாசம் கழித்து அந்தக் குரல்.

“நாகு, இன்னா பண்ணாலும் சரியா வர்ல. திங்கக்கெழம ரிப்போர்ட் குடுத்தாவணும். அந்தப் பகுதியவே தூக்கிடச் சொல்றாரு எங்க சார்.”

இன்னும் நாலு கடிதமாவது வரட்டுமே என்று ஒரு கணம் பேராசைப்பட்டாள். பிறகு சொன்னாள்: “ரெண்டு கம்பியையும் சேக்காதீங்க. இழுக்கறது ஒண்ணுதான். இன்னொண்ணு சும்மா இருக்கு.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் சிரித்தான், தன்னையே திட்டிக்கொண்டான். முன்னுரையில் அவளுக்கு நன்றி போடப்போவதாகச் சொன்னான்.

“ஆமா, உன் இனிஷியல் இன்னா?”

அவனுடைய விடுதி அறை எண்ணிலிருந்து பின்கோடு வரை அவளுக்கு மனப்பாடம். “வி” என்றாள். குறித்துக்கொண்டான். உடனே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வைத்துவிட்டான்.

நாகவல்லி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆபீசின் மூத்த வரைபடக்காரர் கங்காதரன் போனுக்காகப் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னாமா, வெச்சிட்டானா?”

“இல்லண்ணே, பேசிட்டுத்தான் இருக்கார்.”

சுருள் வயரை விரலில் சுற்றிக்கொண்டு, கொர்ரென்று இரைந்துகொண்டிருந்த ரிசீவருக்குள் ‘உம்’ கொட்டினாள்.