பல் போன டீக்கி

டீக்கி என்றால் எங்கள் தீவில் முன்னோருக்குச் செதுக்கும் மரச்சிலை. பல்லைக் காட்டுகிற டீக்கியை இந்தக் கையால் செதுக்க மாட்டேன் என்று கப்பல்காரன் புஹேதினியிடம் துறையில் வைத்தே கத்தியவன் நான். ஆனால் மழைக்கு முன் கூரைக்குத் தகரம் வேண்டியிருந்தது. மூன்றாம் நாளே புன்னைக் கட்டையைப் புரட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கலிபோர்னியாவில் ஏதோ மதுக்கடை வாசலில் வைக்கவாம். படம் அனுப்பியிருந்தார்கள். தலையில் தீப்பிடித்தது போல முடி, காதுவரை கிழிந்த வாய், வாய் நிறையப் பல். எங்கள் டீக்கி எங்கேயாவது சிரித்ததுண்டா? உருண்டைக் கண்ணும் வயிற்றின்மேல் வைத்த கையுமாக, கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்துபோன மாமனைப் போல அல்லவா நிற்கும்! அப்படி ஒன்றை என் வீட்டு முன் கல்மேடையில் நிறுத்தியிருந்தேன். ஆறு மாத வேலை. வரும் திருவிழாவில் அதற்கு என் தாத்தாவின் பெயரை வைப்பதாக இருந்தேன்.

முனகிக்கொண்டே பற்களைச் செதுக்கும்போது, மேல்வரிசையில் மரத்தின் முடிச்சில் உளி வழுக்கி, முன்பல் ஒன்று தெறித்து ஓடியது. சுத்தியைத் தூக்கி எறிந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணி வைமேஹே சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

அண்ணன் கோஹு மீன்பிடிக்கப் போய் இரண்டு வருஷம். படகு திரும்ப வந்தது, அவன் வரவில்லை. உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. அன்றிலிருந்து அண்ணி அவன் பெயரை வாயால் சொன்னதில்லை. கோயிலில் பாதிரியார் அவன் பெயரைப் படித்தபோதுகூட எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுக்காக நாங்களும் அந்தப் பெயரை விழுங்கப் பழகிக்கொண்டோம்.

"முன்பல்லு போயிடுச்சா?" என்றாள்.

"முடிச்சுல உளி வழுக்கிடுச்சு அண்ணி. சனியன்!"

அவள் அதன் எதிரில் மண்டியிட்டு, வாயிலிருந்த மரத்தூளைத் துணி நுனியால் துடைத்தாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் கல்யாணத்தன்று பந்தயம் கட்டி, தேங்காய் மட்டையைப் பல்லால் உரிக்கப்போய்க் கோஹு உடைத்துக்கொண்டது அதே பல். அதற்கப்புறம் முன்னைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டு திரிந்தான், கடங்காரன். சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை.

"கோஹு..." என்றாள் அண்ணி. பிறகு மடை உடைந்தது. "எங்கய்யா போய்த் தொலைஞ்சே? ரெண்டு வருஷமா சோத்த மூடி வெச்சிக்கிட்டு நான் என்னதான் பண்றதாம்?"

நான் வீட்டின் பின்பக்கம் போய் அழுது தீர்த்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடாதவரை டீக்கி வெறும் மரம், எந்தக் கப்பலிலும் ஏறலாம். கூப்பிட்டுவிட்டால் வீட்டு ஆள். சொந்த அண்ணனை எவனாவது மதுக்கடைக்கு அனுப்புவானா? ஆனால் நான்கு நாளில் கப்பல் வந்துவிடும்.

அது அண்ணிக்கும் தெரியும். மறுநாள் காலையில் வந்து, "குடுத்துடு தம்பி. வாக்கு குடுத்துட்டே. மரந்தானே," என்றாள். கை மட்டும் அதன் தோளிலேயே இருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மரமா? நேத்து ஊருக்கே கேக்கற மாதிரி திட்டினியே, மரத்தையா திட்டினே? பேசாம வீட்டுக்குப் போ அண்ணி."

கப்பல் வந்த அன்று புஹேதினி இரண்டு ஆட்களோடு வந்தான். "சரக்கு எங்க மச்சான்?"

கல்மேடையைக் காட்டினேன்.

"யோவ், படத்துல சிரிக்குதுய்யா. இது முறைக்குது."

"ரெண்டு கிளாஸ் உள்ள போனா சிரிக்கற மாதிரிதான் தெரியும்னு கடைக்காரன்கிட்ட சொல்லு."

சிரித்தபடி திரும்பியவன், முற்றத்து ஓரத்தில் அண்ணி போட்ட மாலையோடு நின்ற பல் போன டீக்கியைப் பார்த்தான். முன்பெல்லாம் கோஹுவோடு ஒரே படகில் மீன்பிடிக்கப் போனவன் அவன். சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"சரி," என்றான் மெதுவாக. "அப்ப அந்த மேடையில இருக்கறதுக்குப் பேரு வெச்சாச்சா?"

தாத்தாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. "இல்ல," என்றேன். "வெறும் மரந்தான். தூக்கு."

பாரந்தூக்கியில் அது கடலுக்கு மேலே ஆடிக்கொண்டே போனது. முறைத்த முகம் என்னைப் பார்த்தபடியே கப்பலுக்குள் இறங்கியது. பெற்ற பிள்ளையைக் கைவிட்டது போல இருந்தது, பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு வந்தால், காலியான கல்மேடையில் ஆள் பிடித்துக் கோஹுவை ஏற்றி நிறுத்தியிருந்தாள் அண்ணி. காலடியில் தேங்காய்ப்பாலில் ஊறிய மீன் ஒரு தட்டு.

"மெதுவா தின்னு. இருக்கற பல்லையும் உடைச்சுக்காதே," என்று அதட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அந்தத் தீ எரியும் தலையைக் காட்டினாள். "இந்த மனுஷனுக்கு ஏது தம்பி இவ்வளவு முடி? நாளைக்கு வந்து வெட்டிவிடு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான்.