ஆயிரத்து இருநூறு வேர்கள்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் தரப் பரிசோதகரும், இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கீறல் விழுந்த பாட்டில் ஒன்றைக்கூட வாசல் தாண்ட விடாதவருமான மாமனிதர், தம் முன்மண்டையில் முடி நட்டுக்கொள்ளத் திருவுளம் கொண்டார்.

தொழிற்சாலையில் அவருக்கு ‘ரிஜெக்ட்’ என்று பெயர். ஒரு நாள் தம்மைவிட இரண்டு வயது மூத்த சகலையோடு செருப்புக் கடைக்குப் போயிருந்தார். கடைக்காரப் பெண் சகலையிடம், “அப்பாவுக்கு நாற்காலி போடட்டுமா சார்?” என்று கேட்டுவிட்டாள். அன்றோடு ரிஜெக்டுக்குத் தூக்கம் போயிற்று.

டாக்டர் ஆரம்பத்திலேயே உடைத்துச் சொல்லியிருந்தார்.

“பின்னந்தலை முடிதான் கொட்டாத ரகம். அதை ஒவ்வொரு வேரா எடுத்து முன்னாடி நடுவோம். எடுத்த இடத்துல மறுபடி முளைக்காது. உங்களுக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல எடுக்க முடியாது. அதனால ஒரே ஒரு தடவைதான்.”

“இதை நான் எப்படி நம்புறது?”

“எதை?”

“எல்லாத்தையும்தான்.”

குறித்த நாளில் குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டார்கள். டாக்டர் கொஞ்ச நேரம் நின்று முதல் சில வேர்களைச் சுற்றித் துளை போட்டுவிட்டுப் போனார். மிச்சத்தை இரண்டு நர்சுகள் பார்த்துக்கொண்டார்கள். பேனா முனை அளவுக் கருவி ஒன்று பின்னந்தலையை வட்டம் வட்டமாகக் கொறித்தது. ஒருத்தி இடுக்கியால் வேரை உருவி, குளிர்ந்த உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டாள். சாமி போய்விட்டது, பூசாரிகள் கையில் தலை சிக்கிவிட்டது என்று ரிஜெக்டுக்குத் தோன்றியது.

“பக்கத்து ரூம்ல யாரு?” என்றார், படுக்கைக்குள் முகம் புதைந்தபடி.

“இன்னொரு பேஷண்ட், சார்.”

“அவருக்கு முடி பத்தலையோ?”

“அவருக்கு அவரோடது, சார். அடுத்தவங்க முடியை உடம்பு ஏத்துக்காது.”

“அப்படித்தான் சொல்வீங்க.”

மதியம் எடுத்து முடித்தார்கள். கட்டுப் போட்டு உட்காரவைத்து, அவர் மனைவியை உள்ளே விட்டார்கள்.

“சாப்பிட்டுட்டு நாற்பது நிமிஷத்துல வர்றோம், சார். ஆயிரத்து இருநூறு இருக்கு. கிண்ணத்தைத் தொட்டுடாதீங்க. ஈரத்துல இருந்தாத்தான் வேருக்கு உயிர்,” என்றாள் நர்ஸ்.

தொடாதே என்றால் உள்ளே குறைகிறது என்று அர்த்தம். இதுகூடத் தெரியாமலா இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார்?

“ஏங்க, அவ சொன்னது காதுல விழலையா?” என்றாள் மனைவி.

“எண்ணாம பாட்டிலை லாரியில ஏத்துவாங்களா?”

“இது பாட்டில் இல்ல, உங்க மண்டை.”

“அதான் கூடுதல் ஜாக்கிரதை. நீ கதவுகிட்ட நில்லு.”

மிதப்பதை எண்ண முடியாது. உப்புநீரைத் துணியில் வடித்தார். வேர்களைப் பெரிய விளக்கின் அடியில் பரப்பினார். இடுக்கியால் பத்துப் பத்தாக வரிசை கட்டினார். நெற்றியில் வியர்வை, உதட்டில் முணுமுணுப்பு.

“என்னங்க, எல்லாம் சுருங்கின மாதிரி தெரியுதே?”

“பேசாதே. கணக்கு விட்டுடும்.”

கடைசி வரிசையை அவர் முடிக்கவும் டாக்டர் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

“யார் இதை வடிச்சது?”

“நான்தான்.” பல மாதங்களுக்குப் பிறகு ரிஜெக்டின் முகத்தில் நிம்மதி படர்ந்திருந்தது. “உங்களைத் தப்பா நினைச்சுட்டேன், டாக்டர். மன்னிச்சுக்கங்க. எண்ணிக்கை சரியா இருக்கு. ஒண்ணுகூடக் குறையல.”

டாக்டர் ஒரு வேரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வேறு வரிசையிலிருந்து இன்னொன்றைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?”

“முப்பத்தஞ்சு நிமிஷம்,” என்றாள் மனைவி.

டாக்டர் ஆயிரத்து இருநூறையும் குப்பைக் கூடையில் கொட்டினார்.