‘வா’வா, ‘வாங்க’வா?

1

இந்தக் கதை எனக்கு ஓடும் காரில் கிடைத்தது. ஓடும் என்று சொல்வது கொஞ்சம் மிகை. ஓட்டியது நான், ஆகவே கார் துள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் சித்தி. அம்மாவின் தங்கை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். அவருடைய காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் கனவில் மிதக்கத் தொடங்கினால் சித்தி அதை மிதிப்பார்.

அன்றைக்குக் கடைத்தெரு முனையில், புதிதாக வந்திருந்த சூப்பர் மார்க்கெட்டைத் தாண்டும்போது, “செத்தாலும் அந்தக் கடைக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்” என்றார். ஏன் என்று கேட்டேன். சொன்னார். சிரித்த சிரிப்பில் கிளட்சை விட்டுவிட்டேன். வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் எங்கள் குடும்பத்தைப் பற்றித் தன் கருத்துகளைச் சொன்னார். இதை எழுதியே தீருவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

“எழுதிக்கோ. ஆனா நீ வழி தப்பினா பிரேக் போடுவேன்” என்றார் சித்தி.

ஆகவே வாசகர் கவனத்துக்கு: இந்தக் கதையிலும் அவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

குளிரூட்டப்பட்ட ஆதிக்கத்துக்கு எதிராக ஓர் எளிய பெண்மணி தன் துணிப்பையையே ஆயுதமாக ஏந்தி—

(பிரேக்.) “யாரு எளிய பெண்மணி? நானா?”

இரண்டாம் முயற்சி:

சிறு வணிகம் என்பது ஒரு தெருவின் முதுகெலும்பு. அது வளையும்போது நாம் அனைவரும்—

(பிரேக். இந்த முறை நெற்றி ஸ்டீரிங்கில் இடித்தது.) “கதவு தொறக்கல. அத எழுது. முதுகெலும்பாம்!”

சரி. கதவு திறக்கவில்லை.

சித்தி உயரம் குறைவு. காரில் உட்கார்ந்தால் வெளியே இருப்பவர்களுக்குக் கொண்டை மட்டும்தான் தெரியும். சூப்பர் மார்க்கெட் திறந்த புதிதில், எல்லாரும் போகிறார்களே என்று அவரும் போனார். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. அதில் கொட்டை எழுத்தில் ‘வாங்க’ என்று ஒட்டியிருந்தது. முன்னால் போய் நின்றார். கதவு அசையவில்லை. ஓர் எட்டு பின்னால் வந்து மறுபடி போனார். கையை ஆட்டினார். கைப்பையைத் தூக்கி ஆட்டினார். பேருந்துக்குக் காத்திருந்த கூட்டம் பேருந்தை விட்டுவிட்டு இவரைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை தலைக்கு மேலே குறுக்கே பறந்தது. கதவு பணிவாகத் திறந்தது. காக்கை போனதும் மூடிக்கொண்டது.

“காக்காவுக்குத் தொறக்குது, எனக்குத் தொறக்கல. மதியாதார் வாசல மிதியாதேன்னு சும்மாவா சொன்னாங்க?”*

* அப்படிச் சொன்னவர்கள் மனதில் வைத்திருந்தது மனிதர்களைத்தான், மின்கதவை அல்ல என்று வாதிட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை. மேலும் சித்தி கேட்டார்: “ஒட்டியிருக்கானே ‘வாங்க’ன்னு, அது வர்ற ‘வாங்க’வா, காசு குடுத்து வாங்குற ‘வாங்க’வா?” நம் மொழியில் திட்டு, பேர், மூச்சு, காற்று எல்லாவற்றையும் வாங்கலாம். கடைக்காரர் வாயிலிருந்து வந்தால் இரண்டு பொருளும் சேர்ந்தே வரும். ஸ்டிக்கருக்கு வாய் இல்லை.

3

அன்றிலிருந்து சித்தி எல்லாவற்றையும் கடைத்தெருவிலேயே வாங்கினார். அங்கே மூன்று பேரை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் வைத்த பெயர்கள் அவர்களுக்கே மறந்திருக்கும். தெரு வைத்த பெயர்களைச் சொல்கிறேன்.

மளிகைக்கடைக்காரர் ‘வருது’. வியாபாரி வாயில் ‘இல்ல’ என்ற சொல் வரவே கூடாது என்பது அவர் கொள்கை. குங்குமப்பூ இருக்கா? “வருது.” பாதாம்? “வருது.” ஒருமுறை சித்தி வேண்டுமென்றே “கப்பல் இருக்கா?” என்று கேட்டார். “சின்னதா, பெருசா? வருது” என்றார்.

ஹார்டுவேர் கடைக்காரர் ‘எதுக்கு’. ஓர் ஆணி கேட்டால் “எதுக்கு?” என்பார். படம் மாட்ட என்றால், எந்தச் சுவர், யார் படம், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்து, கடைசியில் ஆணியே வேண்டாம், அலமாரி மேல் சாய்த்து வைத்தால் போதும் என்று அனுப்பிவிடுவார்.

காய்கறிக்கடை அக்கா ‘முத்தல்’. தன் சரக்கைத் தானே பழிப்பவர். “அத எடுக்காத, முத்தல். இது நேத்து வந்தது. அந்தப் பக்கம் பாக்கவே பாக்காத.” அவர் கடையில் நல்லதாக ஏதாவது கிடைத்தால் அது அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று அர்த்தம். சித்தியிடம் கார் ஓட்டப் படித்து, நாலாவது முயற்சியில் தேறியவர். கடை வாசலில் சித்தி தலை தெரிந்தாலே, “வாங்க டீச்சர்!” என்று கத்தரிக்காயைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பார்.

சித்தி தீப்பெட்டி வாங்கப் போனால் திரும்ப அரை நாள் ஆகும். போகும்போது இருக்கும் முகம் வேறு, வரும்போது இருக்கும் முகம் வேறு. அத்தனை சந்தோஷம். நானும் கூடப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் வாங்காமலே எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

4

இப்படியே போனால் இது கதை இல்லை, விளம்பரம். ஒரு சிக்கல் வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சித்தியின் மகள் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதே சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

(அவளை நான் இட்டுக்கட்டினேன் என்று நினைக்காதீர்கள். அவள் உண்மை. முதல் வரைவில் அவளைக் கொஞ்சம் உயரமாக எழுதியிருந்தேன். “அம்மா உயரம்தான் எனக்கு, பொய் எழுதாத” என்று அடித்துத் திருத்தினாள்.)

சேர்ந்த அன்று, “ஒரு தடவ வந்து பாரேம்மா” என்றாள். “நான் அந்த வாசல மிதிக்க மாட்டேன்னு தெரியாதா?” என்றார் சித்தி. மறுநாள் காலையிலிருந்து வீட்டில் போர்.

போர் என்றால் சத்தம் இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. மரியாதை இருந்தது.

“உங்க பொண்ணுகிட்ட குடை எடுத்துக்கச் சொல்லுங்க” என்பார் சித்தி, சித்தப்பாவைப் பார்த்து.

“உங்க வீட்டுக்காரம்மாகிட்ட எடுத்தாச்சுன்னு சொல்லுங்கப்பா.”

“நான் என்ன தபால் பெட்டியா?” என்பார் நடுவில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா.

தவிர்க்க முடியாமல் நேராகப் பேச வேண்டி வந்தால், “நீங்க தள்ளுங்க”, “நீங்க சாப்பிடுங்க” என்பாள். பிறந்ததிலிருந்து அம்மாவை ‘வா, போ’ என்றே கூப்பிட்ட பெண். காரில் ஒருநாள், சாலையைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்: “அவ எப்ப என்ன மறுபடி ‘வா’ன்னு கூப்பிடுவா?”

நான் இண்டிகேட்டர் போட்டேன். திரும்ப வேண்டிய இடமே இல்லை.

(இங்கே வாசகருக்கு ஒரு சின்ன வேலை. தயவுசெய்து அந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய், ஒரு கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். பின்னால் தேவைப்படுவீர்கள். ஏசி நன்றாக இருக்கிறது, கால் வலிக்காது.)

5

(இந்தப் பகுதியை சித்தி படிக்கவில்லை. பிரேக் விழாது. கொஞ்சம் வேகமாகவே போகலாம்.)

சித்தப்பாவை உப்பில்லாத பிஸ்கட் சாப்பிடச் சொல்லிவிட்டார் டாக்டர். சித்தி ‘வருது’விடம் கேட்டார். “வருது” என்றார். அதிசயம், மறுநாளே வந்தது! தீரத் தீர வந்தது. காய்கறிக்கடையில் கேட்ட காளானும் வந்தது. பழைய ஃபிரிட்ஜுக்குள் எரியும் குட்டி பல்பு ஹார்டுவேர் கடையில், ‘எதுக்கு?’ என்ற கேள்விகூட இல்லாமல் கிடைத்தது. “பாத்தியா, சின்னக் கடைன்னா இளக்காரமா?” என்று சித்தி தலை நிமிர்ந்து நடந்தார்.

நீங்கள் உள்ளே நிற்கிறீர்களே, உங்களுக்கு உண்மை தெரியும். பிஸ்கட் அலமாரிக்கு அந்தப் பக்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பது யார்? ‘வருது’. இந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு வருவது? ‘எதுக்கு’. இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

“நீங்க எதுக்கு இங்க?” பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

“நானா? சும்மா... காத்து வாங்க வந்தேன். நீங்க?”

“நானும் காத்துதான்.”

“அங்க காளான்கிட்ட நிக்கறது யாரு?”

“அவங்களும் காத்துதான் போல.”

சித்தியிடம் ‘இல்ல’ என்று சொல்ல மூவராலும் முடியவில்லை. அதற்குப் பதில் மூன்று முதலாளிகள் எதிரி கடையில் வரிசையில் நின்றார்கள். வரிசையின் முனையில் பில் போட்டுக்கொண்டிருந்தது சித்தியின் மகள்.

“அம்மாவுக்கா?” என்றாள்.

மூவரும் தரையைப் பார்த்தார்கள். “சொல்லிடாதம்மா” என்றார் ‘முத்தல்’.

அவள் சிரிக்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை நகத்தால் சுத்தமாக உரித்தெடுத்துவிட்டு, ‘வருது’ கையில் கொடுத்தாள். பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே. அம்மா அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போன ஒவ்வொரு பாக்கெட்டும் மகள் கை பட்டுத்தான் போனது.

6

மகளுக்கு அந்தக் கடையிலேயே சூப்பர்வைசர் பதவி கிடைத்தது. சித்தப்பா மூலமாகத்தான் சித்திக்குத் தெரிந்தது. “நல்லா இருக்கட்டும்னு சொல்லுங்க” என்றார். பொறுப்பேற்ற முதல் நாள், அவள் வேலைக்குப் போன பிறகு, ‘வருது’ கொடுத்தனுப்பிய பாக்கெட்டில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.’

சித்தி பாக்கெட்டும் கையுமாக மளிகைக்கடைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

“இன்னொண்ணு எங்க?”

‘வருது’ வாயைத் திறந்தார். மூடினார். “அது...” என்றார். மீசையில் பிஸ்கட் தூள். பிறகு, கடை வைத்த நாள் முதல் எவரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத சொல் வெளியே வந்தது.

“இல்ல.”

தெருவே திரும்பிப் பார்த்தது. ‘முத்தல்’ எழுந்து நின்றார்.

“தின்னுட்டேம்மா. இத்தன நாளும் இலவசத்த எல்லாம் நான்தான் தின்னேன். உப்பு இல்லைன்னாலும் ஒரு ருசி இருக்கு.” அதோடு மற்ற எல்லாமும் கொட்டியது: துண்டு, கறுப்புக் கண்ணாடி, காளான், காற்று.

சித்தி கோபப்படுவார் என்று காத்திருந்தோம். அவர் ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது முன்னாடி ஏன் இருக்காது?”

“உங்க பொண்ணுதான் உரிச்சுக் குடுக்கும்.”

“அப்ப இன்னைக்கு ஏன் உரிக்கல?”

“இன்னைக்கும் அது கையாலதான் குடுத்துச்சு. உரிக்காமலே குடுத்துச்சு.” ‘எதுக்கு’கூட எதுவும் கேட்கவில்லை.

(இங்கே சித்தியின் மனதில் ஓடியதை நான்கு வாக்கியங்களில் எழுதி அழித்துவிட்டேன். அவர் வேகமாக நடக்கத் தொடங்கியதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். குட்டைக் கால்கள், ஆனால் எங்களுக்கு மூச்சு வாங்கியது.)

7

முடிவு, முதல் முயற்சி: சித்தி உள்ளே நுழைகிறார். தள்ளுவண்டியைப் பார்த்ததும் மதி மயங்குகிறார். வரிசை கெட்டு நிற்கும் வண்டிகளை எல்லாம் ஒழுங்காகப் பார்க் செய்து, பெரிய வளைவுகளில் எப்படித் திருப்புவது என்று வாடிக்கையாளர்களுக்கு வகுப்பெடுக்கிறார். அன்றோடு அவர் சபதமும்—

(எனக்கே பிடிக்கவில்லை. நாளைக்கும் அவர் ‘வருது’ கடைக்குத்தான் போவார். அது எனக்குத் தெரியும்.)

இரண்டாம் முயற்சி: ஊரே திரண்டு கண்ணாடிக் கதவைக் கழற்றி—

(யார் காசில்?)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓடிப்போய்க் காரை எடுத்துவந்து எதிர்ப்பக்கம் நிறுத்தினேன். கடவுளே, நேராக நிறுத்தினேன்! அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. சித்தி கதவு முன்னால் நிற்கிறார். கையில் பாக்கெட். பத்தடி பின்னால் மூன்று கடைக்காரர்கள், மூன்று பேரும் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கதவு அசையவில்லை. சித்தி கையை ஆட்டுகிறார்.

உள்ளே மகள் பார்த்துவிட்டாள். பில் போடும் இடத்திலிருந்து ஓடி வருகிறாள். கதவுக்கு உள்பக்கம் வந்து நிற்கிறாள். அவளுக்கும் கதவு அசையவில்லை! அம்மா உயரம்தானே, மேலே இருக்கும் கதவின் கண்ணுக்கு எட்டாது. வேலை செய்கிறவர்களுக்குப் பின்வாசல் என்பதால் இதுவரை அவளுக்கே தெரியாது. அவளும் கையை ஆட்டுகிறாள். இருபுறமும் இரண்டு பேர் குதிக்கிறார்கள். பேருந்துக் கூட்டம் சிரிக்கிறது, ‘முத்தல்’ சிரிக்கிறார், சித்தியே சிரித்துவிட்டார். மகள் ஏதோ சொல்கிறாள். வாய் அசைவது தெரிகிறது. கண்ணாடி தடிமன், ஒன்றும் கேட்கவில்லை. சித்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. காதைக் கண்ணாடியில் வைத்து, “என்ன? என்ன சொன்ன?” என்கிறார்.

ஒரே சொல்தான் சொன்னாள். அது ‘வா’வா, ‘வாங்க’வா?

உதட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தொடங்குகிறது. காரிலிருந்து எனக்கும் கேட்கவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது, பிரேக் போட ஆளில்லை. நானாகவே நிறுத்திக்கொள்கிறேன்.

நீங்கள்தான் உள்ளே நிற்கிறீர்கள். கூடையைக் கீழே வையுங்கள். நீங்கள் எவ்வளவு உயரமோ எனக்குத் தெரியாது. போதாவிட்டால் கையைத் தூக்கிக்கொள்ளுங்கள், காக்கை அளவுக்கு உயர்ந்தால் போதும். கதவை நோக்கி ஓர் எட்டு வையுங்கள்.

சித்திக்குக் கேட்கட்டும்.