சுமைதாங்கிக்கு ஓய்வு நாள்

அன்றைக்குச் சுமைதாங்கிக் கல்லுக்கு ஓய்வு நாள். அதனால் அதைத் தூக்கிச் சுமக்க நாலு பேர் வந்திருந்தார்கள்.

ஐயம்பெருமாள் சந்தை ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது கல் கிளம்பிவிட்டது. அவர் தலையில் கருப்பட்டிச் சிப்பம் இருந்தது. ஓலைப்பாயில் பொதிந்து, கயிறு போட்டு இறுக்கிய நீளச் சிப்பம். காலையில் சந்தையில் இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட்டது.

கல் நின்ற இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. அதன் நிழல் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது. நிழலைத் தூக்க ஆள் போடவில்லை போலிருக்கிறது.

அவர் நிழலுக்குள் போய் நின்று பார்த்தார். குளுகுளுவென்று இருந்தது. சுமை குறையவில்லை.

சுமைதாங்கி என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு தூண் கல், அதன்மேல் குறுக்காக ஒரு பலகைக் கல், ஆள் கழுத்து உயரம். தலைச்சுமைக்காரன் ஒற்றையாக வருவான். பாரத்தைத் தரையில் இறக்கிவிட்டால் திரும்ப ஏற்றிவிட ஆள் கிடைக்காது. கல் இருந்தால் நின்றபடியே சரித்து வைக்கலாம். மூச்சு விடலாம். திரும்பத் தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். அவ்வளவுதான் சங்கதி.

ஐயம்பெருமாளுக்கு அவசரம். கழுத்து தீர்ந்துகொண்டிருந்தது.

காலையில் முழுக் கழுத்து இருந்தது. இட்லிக் கடையில் யாரோ கூப்பிட்டபோது திரும்பிக்கூடப் பார்த்தார். இப்போது தாடை சட்டையின் முதல் பித்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊரில் கழுத்து தீர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. கிட்டங்கித் தெருவில் ஒருவர் இருக்கிறார். தோளுக்கு மேலே நேராக மூட்டைதான். அவர் பெண்சாதி மூட்டைக்குத்தான் சோறு ஊட்டுகிறாள். நல்ல மனுஷி, முகம் சுளிப்பதில்லை.

சிப்பம் போய்ச் சேர வேண்டிய கடையில் இறக்கிவிடலாம் என்றால் கடை வர மாட்டேன் என்கிறது. சந்தைக்கும் கடைக்கும் நடுவில் காலையில் ஒரு தெரு இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் இன்னொன்று வந்துவிட்டது. அதைப் பார்த்தால் புதுத் தெரு மாதிரியும் தெரியவில்லை. வீடுகளில் பழைய காலண்டர்கள் தொங்கின. வாசலில் கிடந்த நாய்களுக்கு வயசாகியிருந்தது.

முக்குத் திரும்பியதும் கல் போய்க்கொண்டிருந்தது. தூண்களையும் பலகையையும் ஒன்றாகக் கட்டி நாலு பேர் சுமந்தார்கள். முன்னால் போனவன் மந்திரமூர்த்தி. ஒரு காலத்தில் ஐயம்பெருமாளோடு சேர்ந்து உள்ளி மூட்டை தூக்கியவன். இப்போது காக்கிச் சட்டை.

"என்னடே மந்திரம், கல்லை எங்க கொண்டு போறிய?"

"எங்கயும் இல்ல அண்ணாச்சி. சும்மா சுமக்கோம். கல்லு களைச்சுப் போச்சாம்."

"கல்லா களைச்சுப் போச்சு?"

"பின்ன? எத்தனை வருசமா நின்னுக்கிட்டே இருக்கு. உக்காந்து பாத்திருக்கீரா?"

"உனக்குக் களைக்கலியாடே?"

"எனக்கு எப்படிக் களைக்கும்? நான் காக்கிச் சட்டைல்லா போட்டிருக்கேன்."

சொன்னவனின் முதல் பித்தான் ஏற்கனவே தாடைக்கு அடியில் போயிருந்தது. ஐயம்பெருமாள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சுமக்கிறவன் கழுத்தைப் பற்றி இன்னொரு சுமக்கிறவன் பேசுவது மரியாதை இல்லை.

"நாளைக்கு நட்டுருவியளா?"

"நாளைக்கும் ஓய்வுதான். நேத்தும் ஓய்வுதான். நீரு ஆபீசுல கேளும்." மந்திரமூர்த்தி குரலைத் தாழ்த்தினான். "போற வழியில எங்கனயாச்சும் ஒரு சுமைதாங்கி கண்ணுல பட்டா ஒரு சத்தம் குடும் அண்ணாச்சி. இதைக் கொஞ்சம் இறக்கி வைக்கணும்."

அலுவலகம் பெரிதாக இருந்தது. 'சுமைதாங்கி நலக் காப்பகம்' என்று பலகை. ஐயம்பெருமாள் எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசல் ஒரு ஆள் தலைக்குச் சரியாக இருந்தது, சிப்பத்துக்கு இல்லை. முழங்காலை மடக்கி, வாத்து மாதிரி உள்ளே போனார். நடைபாதைக்கும் அதே உயரம்தான். போகப் போக அது நீண்டது. சுமை கனக்கிற அளவுக்கு நீளும் நடைபாதை என்று பாதி வழியில் ஒருத்தர் சொன்னார். அவர் தலையில் ஒன்றும் இல்லை. வந்த வேகத்தில் வெளியே போய்விட்டார்.

கடைசி அறையில் அலுவலர் தேவசகாயம் இருந்தார். நல்ல முகம். கையில் தைலக் குப்பி.

"வாங்கய்யா, உட்காருங்க."

"உக்கார முடியாது சார்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நாற்காலி வாங்கினபடியே புதுசா இருக்கு."

"கல்லை எதுக்கு சார் எடுத்திய?"

தேவசகாயம் சுவரைக் காட்டினார். கல்லின் போட்டோ மாலையோடு தொங்கியது. "நடுவுல பாருங்க, பள்ளம். ஆளுங்க சுமையை இறக்கி இறக்கி விழுந்தது. இப்ப சிமெண்ட் வச்சு அடைச்சாச்சு. சுமை வைக்கக் கூடாதுன்னு நிறுத்தின நாள்ல இருந்து ஒரு கீறல் கிடையாது. சாயங்காலம் ஆனா தைலம் தேய்க்கிறோம். இருக்கிற சுமைதாங்கியிலயே நம்ம கல்லுதான் நல்லா இருக்குன்னு பரிசு குடுத்தாங்க."

"பரிசு எங்க சார்?"

"கனமா இருந்தது. தூக்கிட்டு வர ஆள் அமையல."

ஐயம்பெருமாள் போட்டோவைப் பார்த்தார். அந்தப் பள்ளம் அவருக்குத் தெரியும். அதில் ஒரு ஓரம் அவருடையது.

அந்தக் காலத்தில் கல்லைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. யாரோ ஒரு வேப்பங்கன்று நட்டார்கள். யாரோ ஒரு பானையில் தண்ணீர் வைத்தார்கள். வருகிறவன் 'இறக்கியாச்சா?' என்பான். இருக்கிறவன் 'உனக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்' என்று தன் மூட்டையை ஓரமாகத் தள்ளுவான். போகிறவன் சும்மா போக மாட்டான். தன் மூட்டைப் பொத்தலில் விரலை விட்டு, இருந்ததில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்தில் வைத்துவிட்டுப் போவான். அடுத்து வருகிறவனுக்கு. உள்ளி சுமந்தவன் உள்ளி, கடலை சுமந்தவன் கடலை. ஒரு நாள் ஐயம்பெருமாளுக்கு ஏலக்காய் கிடைத்தது. சாயங்காலம் வரை வாயில் மணந்தது. சிமெண்ட் சுமந்த ஒருவன்கூட ஒரு சிட்டிகை வைத்துவிட்டுப் போனான். வழக்கத்தை மீறக் கூடாது பாருங்கள்.

அவருக்கு எழுத்து வாசிக்க வந்ததும் அங்கேதான். மீசை நரைத்த பிறகு. தூணில் வெட்டியிருந்ததை ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் ஒரு எழுத்தாக மந்திரமூர்த்தியிடம் கேட்டுக் கேட்டுப் படித்தார். அவன் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போனவன். 'உ' ஒரு நடைக்கு. 'ல' ஒரு நடைக்கு. 'உலகம்மாள் நினைவாக' என்று முழுசாக வந்த அன்றைக்கு மூட்டையை எடுக்க மறந்து வெறுந்தலையோடு பாதி தூரம் போய்விட்டார். சந்தையே சிரித்தது.

"அப்ப சுமையை எங்க சார் வைக்க?"

"அதுக்குன்னு வேற ஏதாவது இருக்கும். விசாரிங்க."

"அதுக்குத்தானே சார் இந்தக் கல்லை நட்டாவ?"

தேவசகாயம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "நட்டவங்க எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றார். "கல்லைத்தான் ஒப்படைச்சாங்க. எதுக்குன்னு ஒப்படைக்கல."

ஆகவே ஐயம்பெருமாள் சொன்னார். தாடை நெஞ்சில் இடித்ததால் பாதிச் சொல் சட்டைக்குள் போனது. உலகம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். நிறைமாதச் சூலி. பேறுகாலம் ஆகாமலே போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் பிள்ளையோடுதான் எடுத்தார்கள். அவள் புருஷன் வண்டிக்காரன். இருந்த ஒரு ஜோடி மாட்டையும் கொடுத்துக் கல்லை வாங்கி ரோட்டோரத்தில் நட்டான். ஏன் என்று கேட்டார்கள். 'அவ இறக்கி வைக்காமப் போயிட்டா. இனி வாறவன் இறக்கி வைக்கட்டும்' என்றான்.

அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. தைலக் குப்பியை மூடினார்.

"அந்தம்மா இப்ப தேறிட்டாங்களா?"

"இல்ல சார்."

"கேக்கவே வருத்தமா இருக்கு. அவங்களுக்கும் ஒரு நாள் ஓய்வு போட்டுடறேன்."

வெளியே வரும்போது ஐயம்பெருமாளுக்கு வானம் தெரியவில்லை. கழுத்து இருந்தால்தானே. தன் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். பாதங்கள் வழி தெரிந்தவை. கடைக்குப் போகவில்லை, பழைய இடத்துக்குப் போய் நின்றுகொண்டன.

நிழல் அங்கேயே இருந்தது. குழிகளும் இருந்தன. ஒரு குழியில் காலை வைத்தார். அளவெடுத்த மாதிரி இருந்தது. இன்னொரு காலையும் வைத்தார். மண் கணுக்கால் வரை வந்து இறுகியது. உறுத்தவில்லை.

பின்னால் இரைப்புச் சத்தம் கேட்டது. கல் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, இங்கன நிக்கீரு?"

"நிக்கேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரிஞ்சுதாண்டே நிக்கேன்."

 மந்திரமூர்த்தி பாரத்தை மற்ற மூன்று பேர் தலைக்குத் தள்ளிவிட்டான். காக்கிச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டான். எதிர்க் குழியில் போய் நின்றான்.

"சிப்பத்தை இங்கிட்டுக் கொஞ்சம் சரியும்."

சிப்பம் நீண்டு கொடுத்தது. ஒரு முனை ஐயம்பெருமாள் தலையில், மறுமுனை மந்திரமூர்த்தி தலையில். ஓலைப்பாய்க்குள் கருப்பட்டி நெகிழ்ந்து மணத்தது.

"கருப்பட்டியா? ஏ அப்பா, வாசனையே வயித்தை நிறைக்கு" என்றான் மந்திரமூர்த்தி.

மூன்று பேரும் முழித்துக்கொண்டு நின்றார்கள்.  "ஆபீசுல ஏசுவாங்களே" என்றான் ஒருவன். "இறக்கி வைக்கிறதுக்குத்தானே வே நிக்கோம்" என்றார் ஐயம்பெருமாள். அவர்கள் தூண் கற்களை ஓரமாகப் போட்டார்கள். பலகைக் கல்லைச் சிப்பத்தின் மேல் ஏற்றினார்கள். கனக்கும் என்று ஐயம்பெருமாள் பல்லைக் கடித்தார். கனக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய ஆள் மாதிரி கல் அசைந்து அசைந்து உட்கார்ந்தது. பள்ளத்திலிருந்த சிமெண்ட் கழன்று தொப்பென்று கீழே விழுந்தது.



"ஏலக்காய் ஞாபகம் இருக்காடே?"

"வச்சது நான்தான் அண்ணாச்சி."

"இத்தனை நாளா சொல்லலியே."

"வச்சவன் சொல்லப்பிடாதுல்லா."

ரோட்டில் ஒரு பெண் வந்தாள். தலையில் கூடை. நிறைமாத வயிறு. ஒரு கை கூடையில், ஒரு கை இடுப்பில். நெடுந்தூரம் நடந்துவந்த பாதம். புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது. கல்லைப் பார்த்ததும் நின்றாள். வேறு எங்கேயும் தேடாமல் நேராக வந்தாள்.

"எந்த ஊரு தாயி?" என்றார் ஐயம்பெருமாள்.

"இந்த ஊருதான். இடையில கொஞ்ச நாள் இல்ல."

கூடையைச் சரிக்கப் பார்த்தாள். எட்டவில்லை. சிப்பம் நடுவில் இருந்ததால் கல் பழைய உயரத்தை விட மேலே போயிருந்தது. நுனிக்காலில் நின்று பார்த்தாள். வயிறு விடவில்லை.

"கொஞ்சம் குனியும் அண்ணாச்சி. எட்டல."

கழுத்து இல்லாதவன் எப்படித் தாயி குனிய என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. குனிந்தார். குனிவதற்குக் கழுத்து இருந்தது.

எதிரில் மந்திரமூர்த்தியும் குனிந்தான்.

கூடை கல்லில் ஏறியது. அவள் உள்ளே கைவிட்டு ஒரு பிடி வறுத்த கடலையை எடுத்துப் பள்ளத்தில் வைத்தாள். பிறகு இரண்டு கையையும் இடுப்பில் கொடுத்து, மெள்ள நிமிர்ந்தாள்.

"அப்பாடா" என்றாள்.