குத்தாலத்துல அடிச்ச புயல்

அறுபத்தஞ்சாம் வருசம், பொங்கலுக்கு முந்துன வாரம். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயி ரெண்டு வாரம் கூடுதலா ஆயிருக்கும். எங்க பூகோள டீச்சர் ஞானபாக்கியத்துக்கு அப்போ புயலைத் தவிர வேற பாடமே கிடையாது. போர்டு பூரா சுழி சுழியா வரைஞ்சு தள்ளிட்டு ஒருநா சொல்லுதாங்க, "வரைஞ்சது போதும். வீடு போனவங்களுக்கு ஆளுக்கொரு மூட்டை கட்டிட்டு வாங்கட்டி. சனிக்கிழமை குத்தாலத்துல வச்சுப் பாப்பேன். எவ மூட்டை உருப்படியோ அவளை எங்கூட லாரியில கடக்கரைக்கு, மண்டபம் முகாமுக்குக் கூட்டிட்டுப் போவேன்."

எனக்கு இருப்புக்கொள்ளல. ஒம்பதாங்கிளாஸ் படிக்கேன், கடலைக் கண்ணால பாத்ததில்ல. மேப்புல நீலக்கலர்ல பாத்ததுதான். எப்படியும் அந்த லாரியில ஏறிரணும்னு நாலுபடி அரிசி, உளுந்து, கூழ்வத்தல்னு கட்டுனேன் பாருங்க ஒரு மூட்டை!

எங்கம்மா கேக்கா, "ஏட்டி முத்துவடிவு, இது நிவாரணமா, சீர்வரிசையா?"

எங்க கிளாஸ் கல்யாணசுந்தரி பட்டுப்பாவாடையும் கண்மை டப்பாவும் கொண்டாந்தா. உச்சிமாகாளி கையில மட்டும் சின்ன பொட்டலம். அவ அப்பா பட்டாளத்துல இருந்தாரு, அங்கன குடுத்த ரப்பர் துணியில இறுக்கிக் கட்டியிருந்தா. "எலிக்குஞ்சு மாதிரி இருக்குட்டி"ன்னு நாங்க சிரிச்சோம். அவ முடிச்சை இன்னொரு தடவ இறுக்குனா.

குத்தாலம் போனதும் டீச்சர் எங்க தூக்குச்சட்டியை எல்லாம் வாங்கிப் பூட்டிட்டாங்க. மூட்டையோட அருவிச் சாரல்ல நிக்கணுமாம். "புயல் அடிச்சாச்சு. அடுப்பு கிடையாது, மாத்துத்துணி கிடையாது. இனி உங்க மூட்டையில உள்ளதுதான் உங்களுக்குச் சாப்பாடு"ன்னுட்டாங்க!

குத்தாலத்துல நனைஞ்சா பசி எப்படி எடுக்கும்னு உங்களுக்குத் தெரியும்லா? மணி ஒண்ணு, குடலு கத்துது. ஊறுன அரிசியை மென்னேன், பல்லுதான் வலிச்சுது. கூழ்வத்தலைக் கடிச்சேன், அது என்னையக் கடிச்சுது. ஒரு குரங்கு வந்து என் மூட்டையை மோந்து பாத்துட்டு, மூஞ்சியச் சுழிச்சுட்டுப் போயிட்டுன்னா பாத்துக்கிடுங்க. கல்யாணசுந்தரி கண்மை டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு அழுதா.

உச்சிமாகாளி பொட்டலத்தை அவுத்தா. அவல், கருப்பட்டி, தேங்காச்சில்லு. ஒரு சொட்டு ஈரம் படல. "இந்தாட்டி, ரெண்டு வாய் தின்னு"ன்னு எங்கிட்ட குடுத்தா. நான் கண்ணை மூடிக்கிட்டு மெல்லுததைப் பாத்துட்டுத் தலையைத் துவட்டப் போனா. ரெண்டு வாய்தான் தின்னேன். அப்புறம் ரெண்டு. அவ திரும்பி வரையில ரப்பர் துணிதான் கிடக்கு.

அந்நேரம் பாத்து டீச்சர் வாராங்க. "என்னட்டி உச்சி, அதுக்குள்ள காலி பண்ணிட்டியா? அடுத்தவங்களுக்குன்னு கட்டுனதை நீயே தின்னா எப்படி?"

அவ தரையப் பாத்துட்டு நிக்கா, என்னையக் காட்டிக் குடுக்கல.

"சரி, ஒண்ணும் தேறல. முத்துவடிவு அரிசியாவது அங்க கஞ்சித்தொட்டிக்கு ஆகும். நீ வாட்டி லாரியில."

யம்மா! கடல் இந்தா கைக்கெட்டுன தூரத்துல நிக்கி. வாயை மூடிட்டு இருந்தா போதும். ஆனா வாய்க்குள்ள அவ கருப்பட்டி இன்னும் இனிக்குதே, எப்படி மூட?

"டீச்சர், அவ திங்கல. நாந்தான் அம்புட்டையும் தின்னேன்."

டீச்சர் என்னைய உத்துப் பாத்தாங்க. "அம்புட்டையுமா? அடுப்பு இல்லாமலா? விக்கல?"

"விக்கல டீச்சர். இன்னும் இருந்தாலும் திம்பேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துட்டு. "அப்ப அதுதாம்ட்டி மூட்டை! உச்சி, நீ கிளம்பு. முத்துவடிவு, தின்ன வாயோட நீ போயி அவல் இடி."

அடுத்த மூணு நாளு, ஒம்பதாங்கிளாஸ் பூரா எங்க வீட்டு உரல்ல கெடந்தோம். எனக்குக் கையெல்லாம் கொப்புளம். நாலு சாக்கு அவல் லாரியில ஏறுச்சு. உச்சிமாகாளி மேல உக்காந்து கையாட்டுதா, நான் பாக்காத மாதிரி நின்னேன்.

லாரி திரும்பி வந்ததும் முதல்ல போயி நின்னது நாந்தான். "ஏட்டி, கடல் எப்படிட்டி இருந்துச்சு?"

"நான் எங்கட்டி பாத்தேன்? பயந்துக்கிட்டு முதுகக் காட்டியே நின்னுட்டேன்."

"அடிப்பாவி! பெறவு என்னத்தட்டி பாத்த?"

"ஒரு அக்கா, இடுப்புல பிள்ளையோட நின்னா. நம்ம அவலை நின்ன எடத்துலயே தின்னா. உன்னைய மாதிரியே, கண்ணை மூடிக்கிட்டு."