இரண்டு காற்று

கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பிடித்தாள் தையல்காரி. நூல் அசையாமல் நின்றால் அந்த இடம் யோக்கியம். ஆடினால் இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். மேலே கீல் பக்கம் நூல் துள்ளியது. நடுவில் கொஞ்சம் சாதுவாக இருந்தது. தரையோரம் கொண்டுபோனபோது படுத்தே விட்டது. இத்தனை காலமும் இதைப் போய்க் கதவு என்று நம்பிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் அழுகையும் வந்தது. ஏனென்றால் பின்னால் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு விடிகாலையிலேயே மூச்சு மறுபடியும் இழுக்க ஆரம்பித்திருந்தது.

அந்த இழுப்பின் சத்தம் அவளுக்குக் கேட்காது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகிற போக்கில் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளையாகப் பேச்சை விட்டுவிட்டுப் போனது. எதிரில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்தே பாதி ஊர்வம்பு தெரிந்துகொள்வாள். குழந்தையின் மூச்சை மட்டும் உள்ளங்கையால்தான் படிக்க வேண்டும். நெஞ்சின் மேல் கையை வைத்தால், உள்ளே யாரோ காகிதத்தைக் கசக்குவதுபோல ஒரு நடுக்கம் தெரியும். அதற்குத்தான் இழுப்பு என்று பெயர். போன தடவை ஆஸ்பத்திரியில் குழந்தையின் மூக்கில் குழாய் சொருகி வைத்திருந்தபோது டாக்டர் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, அவளுக்குப் புரிந்ததா என்று உறுதிசெய்துகொண்டே நிதானமாகச் சொன்னார்: "இன்னொரு தடவை நெஞ்சுல கட்டுச்சுன்னா குழந்தை தாங்காதும்மா. குளிர்காத்து ஆகவே ஆகாது."

காற்று வேறெங்கிருந்தும் வரவில்லை. தெருவைப் பார்த்த இந்த ஒரு கதவிலிருந்துதான் வந்தது. உள்ளே நுழைந்து, நடையைத் தாண்டி, தையல் மிஷினுக்கு அடியில் அவள் கால்களைத் தொட்டுவிட்டு, நேராகத் தொட்டிலுக்குப் போகும். வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி அதற்கு ஒரு போக்குவரத்து இருந்தது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். குளிர்காலம் பூராவும் தூரத்து லோடுதான். வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று செய்தி அனுப்பியிருந்தார். அவர் வருகிறவரைக்கும் குழந்தை மூச்சைப் பிடித்துவைத்துக்கொண்டா இருக்கும்? இன்றைக்கு இந்தக் கதவை ஒரு கை பார்த்துவிடுவது என்று அவள் காலையிலேயே புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நிலையைச் சுற்றிலும் ரப்பர் நுரைப் பட்டையை இழுத்து ஒட்டினாள். பழைய ஜீன்ஸ் காலை நீளமாகத் தைத்து, தையலில் மிஞ்சிய துண்டுத்துணியை எல்லாம் உள்ளே திணித்து, தடித்த உருளையாக்கிக் கதவின் அடியில் ஆணி வைத்து அறைந்தாள். இரண்டு கம்பளியை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து உட்பக்கம் திரையாகத் தொங்கவிட்டாள். பட்டை கொஞ்சம் தடிமன். கதவைச் சாத்தினால் அது மறுபடி எக்கித் திறந்துகொண்டது. பழைய தாழ்ப்பாள் தேய்ந்து எப்போதோ செத்துப்போயிருந்தது. மரம் ஊதிப்போய் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அத்தனை நாளும் கதவு நின்றது, தள்ளினால் திறந்தும் கொண்டது. தெருமுனை இரும்புக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னாள். சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற பூட்டு ஒன்றை அவர் எடுத்துக்கொடுத்தார். உள்ளிருந்து பிடியைத் திருகினால் திறக்கும், வெளியிலிருந்து சாவி வேண்டும். திருகாணியை முடுக்கி முடித்தபோது அவள் உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு சினிமாத் தியேட்டரின் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர் அவர். பால்கனி டிக்கெட்டோடு கீழ்வாசலுக்கு வந்தவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் விடமாட்டாராம். தியேட்டர் இடிந்து கடைவீதியாகிவிட்டது. அவருக்குள் அது இன்னும் நடந்துகொண்டிருந்தது. தினமும் மதியக் காட்சி நேரத்துக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். தெருவிளக்குக் கம்பம்வரைக்கும் போவார். அங்கே என்னவோ மறந்துபோகும். திரும்பி வந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, காட்சி முடிந்த களைப்போடு படுத்துக்கொள்வார். தாழ்ப்பாள் நன்றாக இருந்த காலத்தில் ஒருமுறை பூட்டி வைத்துப் பார்த்தாள். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டார், ரத்தம் வந்தது. அதிலிருந்து பூட்டுவதில்லை. அவருக்கு மருமகளின் பெயர் பல நாள் நினைவிருக்காது. ஆனால் அவளிடம் பேசும்போது முகத்துக்கு நேரே திரும்பி, உதட்டை மறைக்காமல் பேச வேண்டும் என்பது மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை. அதற்காகவே அவர்மேல் அவளுக்கு உயிர்.

அவர் போவதும் வருவதும் காது கேட்காதவளுக்கு எப்படித் தெரிந்தது? காற்றுதான் சொன்னது. கதவு திறந்தால் மிஷின் மிதிக்கும் அவள் கால்களில் சிலீர் என்று ஒரு அடி விழும். அது போகிற காற்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அடி. அது வருகிற காற்று. முதல் காற்று அடித்து இரண்டாவது வரத் தாமதமானால் ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்து ஓடுவாள். யாரும் சொல்லிக்கொடுக்காத கணக்கு. அவளே அதைக் கணக்கென்று யோசித்ததில்லை, அதனால் கதவை அடைக்கும்போது அது நினைவுக்கும் வரவில்லை, அவர் தள்ளிக்கொண்டுதான் உள்ளே வருவார் என்பதும் வரவில்லை. காற்றை அடைக்கிறோம் என்று நினைத்தவள் தன்னுடைய காதைத்தான் அடைத்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஒரு கால்சட்டைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, கால்கள் வெதுவெதுப்பாக இருப்பதைக் கவனித்தாள். எழுந்துபோய்க் குழந்தையின் நெஞ்சில் கைவைத்தாள். காகிதம் கசங்கவில்லை. கை மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. நெடுநேரம் எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. திரும்பி, "மாமா, பாப்பாவுக்கு மூச்சு சரியாயிடுச்சு" என்றாள்.

கட்டில் காலியாக இருந்தது. ஆணியில் கோட்டு இல்லை.

எப்போது போனார்? கால்சட்டைக்கு முன்னால் ஒரு சட்டைக்குக் காலர் மாற்றினாள். அப்போதா? அதற்கும் முன்பா? திரையைத் தள்ளிக் கதவை இழுத்துத் திறந்தாள். வாசல்படியில் அவர் இல்லை. கதவின் வெளிப்பக்கம், நெஞ்சு உயரத்தில், பச்சை வண்ணத்தின்மேல் சிவப்பாகத் தீற்றல்கள் இருந்தன. மணியை அழுத்தியிருந்தால் மிஷினுக்கு மேலே விளக்கு எரிந்திருக்கும். சொந்த வீட்டுக்கு யார் மணி அடிப்பார்கள்? தள்ளிப் பார்த்திருக்கிறார். தட்டியிருக்கிறார். விரல் முட்டி கிழிகிறவரைக்கும் தட்டியிருக்கிறார். இந்தப் பக்கம் அவள் வெதுவெதுப்பாக உட்கார்ந்து ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள்.

தெருவைப் பார்த்தாள். நாலைந்து வீடு தள்ளி நின்றிருந்தார். ஒரு வீட்டுக் கதவில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினார். திறக்கவில்லை. தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்பவர்போலத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய் அதையும் தள்ளினார். ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துத் தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

கதவைச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். திறந்துபோட்டால் குழந்தைக்குக் காற்று. யோசிக்க நேரமில்லை. காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். அவர் கையைத் தொட்டபோது அது கைபோலவே இல்லை, குழாய்த் தண்ணீரில் ஊறிய துணிபோல இருந்தது. வீட்டுக்குப் போகலாம் வாருங்கள் மாமா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சாதுவாகக் கூடவே வந்தார். வாசல்படி ஏறினார். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே தொங்கிய கம்பளித் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

இழுத்தாள். நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவரைத் தூக்கவோ தள்ளவோ அவளுக்கு பலம் போதாது. மிரட்டினால் கீழே விழுந்துவிடுவார். திறந்த கதவு வழியாகக் குளிர் அவர்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"நம்ம வீடுதான் மாமா. உள்ள பாப்பா இருக்கு. வாங்க."

அவர் அவள் முகத்துக்கு நேரே திரும்பினார். உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிய வேண்டுமே என்று மெனக்கெட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இது எங்க வீடு இல்லம்மா. எங்க வீட்டுக் கதவு தள்ளினா தொறக்கும்."

சொல்லிவிட்டு மரியாதையாக ஒதுங்கி, படியிறங்கப் பார்த்தார். தப்பான வாசலில் ஒருவரையும் விடாதவர், தானே நுழைந்துவிடுவாரா?

அவள் அவருடைய கோட்டுக் கையை இடதுகையால் இறுக்கிப் பிடித்தாள். வலதுகையால் திரையை இழுத்தாள். வளையங்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து கம்பளி தரையில் விழுந்தது. நுரைப் பட்டையின் நுனியை நகத்தால் கிளப்பி உரித்தாள். காலையில் பார்த்துப் பார்த்து ஒட்டியது, நிலையின் வண்ணத்தையும் பெயர்த்துக்கொண்டு நீளமாக வந்தது. கொப்புளம் உடைந்து கை எரிந்தது. அடியில் இருந்த உருளையைக் காலால் உதைத்தாள். ஒரு ஆணி விட்டது, மற்றொன்று விடவில்லை. குதிகாலால் மிதித்து மிதித்து அதையும் பிய்த்தாள். உள்ளே தொட்டில் லேசாக ஆடுவது தெரிந்தது. குழந்தை விழித்துவிட்டதா, அழுகிறதா, இருமுகிறதா? அதன் நெஞ்சில் வைக்க அவளுக்கு மூன்றாவது கை இல்லை. கடவுளே, எனக்கு இரண்டு கைதானே கொடுத்திருக்கிறாய் என்று வாய்விட்டே அழுதாள்.

மிச்சம் இருந்தது பூட்டு. திருகாணியைக் கழற்ற உள்ளே போய்க் கருவி எடுக்க வேண்டும். சாவியும் உள்ளேதான், மிஷின் பக்கத்து ஆணியில். கோட்டுக் கையை விட்டால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பிய்ந்த உருளையிலிருந்து ஒரு துண்டுத்துணியை உருவினாள். நாலாக மடித்து, பூட்டின் நாக்கு போய் விழுகிற துளையில் கட்டை விரலால் அழுத்தித் திணித்தாள். இன்னொரு துண்டையும் திணித்தாள். நிற்கும் போலத்தான் இருந்தது. நிற்காவிட்டால் குழந்தை உள்ளே, அவர்கள் வெளியே.

அவரே தள்ளித் திறந்தால்தான் அது அவர் வீடு. வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. செருப்பைக் காலால் தள்ளிவிட்டு, அவரோடு படியிலேயே நின்றுகொண்டு, கதவைத் தன் பக்கமாக இழுத்துச் சாத்தினாள். பூட்டு விழுந்ததா என்று கேட்க அவளுக்குக் காது இல்லை. கைப்பிடியில் ஒரு சின்ன அதிர்ச்சி தெரிந்தது. அது மரம் மரத்தில் இடித்ததாகவும் இருக்கலாம், நாக்கு துணியைத் துளைத்துக்கொண்டு உட்கார்ந்ததாகவும் இருக்கலாம். சத்தத்தைக் கேட்டிருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை போன நிலையை, கீழே பல் விழுந்த வாய்போலத் தெரிந்த இடுக்கை, பச்சை வண்ணத்தை, எங்கேயோ பார்த்த ஒருவரை அடையாளம் தேடுவதுபோல மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"தள்ளிப் பாருங்க மாமா" என்றாள். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. மறுபடியும் சொன்னாள்.

அவர் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார். தோல் உரிந்த முட்டிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையை விரித்து, கதவின் நடுவில், தினமும் வைக்கிற அதே இடத்தில் வைத்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காற்று படுகிறதா என்று கதவோரம் தன் வெறுங்காலை நீட்டிவைத்து நின்றாள்.