மலையும் ஆறும் இல்லாத சனம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை மட்டன் ரோல்ஸில் தொடங்கியது. "ஒரு ஒத்திகை இருக்கண்ணை, சனம் காணாது, வாங்கோ. சாப்பாடும் இருக்கு" என்று ரொறன்ரோ அஜின்கோர்ட்டில் என் பக்கத்து வீட்டுத் துர்க்கா கூப்பிட்டாள். அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் போனேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நியூசிலாந்தின் பனி மூடிய மலைகளுக்கு நடுவே ஒரு...'

சீ! பக்கத்து நகரான மிசிசாகாவுக்குப் போவதற்கே பஞ்சிப்படுகிற ஆள் நான். வெட்டியாயிற்று.

2

துர்க்கா ஸ்காபரோவில் பிறந்தவள். கணவன் ராவிரி, நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்தவன். அவள் மார்க்கம் நகரில் வங்கி வேலையை விட்டாள், அவன் விமானநிலைய வேலையை விட்டான். ரொறன்ரோவிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போய் அவனுடைய ஊர்ச் சனத்தோடு தங்கவைப்பது, அவர்கள் பாட்டை, பேச்சை, சமையலை அவர்களிடமே அறியவைப்பது. இதுதான் இருவரும் தொடங்கிய தொழில். அப்பா சண்முகலிங்கம் போன் எடுப்பார். விசாரிக்க வருகிறவர்களில் பாதிப் பேரை அம்மா குணவதி தேத்தண்ணி கொடுத்தே சேர்த்துவிடுவார்.

ஒரு கலியாண மண்டபக்காரர், மாப்பிள்ளை வரும்போது ராவிரி நாக்கை நீட்டிப் போர் நடனம் ஆடவேண்டும் என்று கேட்டாராம். "அது எங்கடை ஆக்களின்ரை மரியாதை அங்கிள், ஷோ இல்லை" என்று துர்க்கா போனை வைத்துவிட்டாள். 'எங்கடை ஆக்கள்' என்றிருக்கிறாள், கவனித்தீர்களா? அவர்கள் இருவர் கையிலும் வேறு வேலை இல்லாத நேரம் அது. எனக்கு இந்தப் பிள்ளையை நன்றாகப் பிடித்துவிட்டது. [எழுதுகிறவன் பாத்திரத்தின் பக்கம் சாயக்கூடாது என்பார்கள். சாய்ந்தாயிற்று, இனி என்ன செய்ய?]

3

ஊர் வாசலில் நுழையும் முறையை இங்கேயே பழகுவதுதான் ஒத்திகை; அதைப் பார்க்க ராவிரியின் மாமி மெரே நியூசிலாந்திலிருந்து வந்திருந்தார். அவர் சம்மதித்தால்தான் ஊர் வாசல் திறக்கும். இல்லாவிட்டால் தொழில் அன்றோடு சரி. மெரேயைக் கடுகடுத்த முகத்தோடு எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மனுசி என்னைவிட அதிகமாக ரோல்ஸ் சாப்பிட்டார்.

அவர்கள் முறைப்படி, விருந்தினர் வாசலில் கூடி, ஒன்றாக, அமைதியாக உள்ளே வரவேண்டும். நம்மவர்களோ ஒவ்வொருவராகப் பிந்தி வந்து, குசினிக் கதவால் நுழைந்து, "சாப்பாடு எப்ப?" என்றார்கள். துர்க்கா முகம் கோணாமல் எல்லோரையும் திரும்பத் திரும்ப வாசலுக்கு அனுப்பினாள்.

ஒருவழியாக உள்ளே வந்தோம். எங்கள் சார்பில் நின்ற சண்முகலிங்கத்திடம் மெரே கேட்டார்: "உங்கடை மலை எது? ஆறு எது?" (ஆங்கிலத்தில்தான் கேட்டார். என் கையில் அவர் யாழ்ப்பாணத்து அன்ரி ஆகிவிடுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அங்கே ஒருவர் தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்யவேண்டும். பெயரெல்லாம் பிறகுதான்.

சண்முகலிங்கம் முழித்தார். யாழ்ப்பாணத்தில் ஏது மலை? தடுமாறி, பழக்கதோசத்தில், "அது கிடக்கட்டும், நீங்கள் ஊரிலை எவடம்?" என்று தமிழில் திருப்பிக் கேட்டுவிட்டார்.

ஐயோ! அந்தக் கேள்வியால் நம்மவர் சாதியைத்தான் துழாவுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். துர்க்கா தலையில் கைவைத்தாள். ஆனால் மொழிபெயர்த்தாள். மெரேயின் முகம் மலர்ந்தது. தன் மலை, ஏரி, முன்னோர் வந்த படகு என்று ஆறுதலாக, நேரமெடுத்துச் சொன்னார். ரொறன்ரோவில் அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

பிறகு துர்க்காவிடம் திரும்பினார். "இனி நீ சொல்லு."

4

இந்த இடத்துக்கு ஒரு முடிவு வைத்திருந்தேன். சண்முகலிங்கம் மருமகனைக் 'காவிரி' என்றுதான் கூப்பிடுவார். அவனைக் காட்டி, "எங்கடை ஆறு உவர்தான்" என்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். சபாஷ்! ஆனால் அது கலியாண வீட்டுப் பேச்சு. வெட்டினேன்.

நடந்தது இது. துர்க்கா சொன்னாள்: "எனக்கு மலை இல்லை, அன்ரி. நான் வளந்தது இஞ்சை ஸ்காபரோவிலை, ரூஜ் ஆத்துப் பக்கம். பட், அதை என்ரை எண்டு சொல்லேலாது. அதுக்கு எங்களுக்கு முன்னமே பூர்வகுடி ஆக்கள் இருக்கினம்."

ராவிரி நிலத்தைப் பார்த்தான். எல்லாம் கவிண்டு போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

மெரே எழுந்து போய், அவர்கள் முறை வணக்கமாக, துர்க்காவின் மூக்கோடு தன் மூக்கை வைத்தார். "ஆரின்ரையோ ஆத்தைத் தன்ரை எண்டு சொல்லாதவளிட்டை என்ரை ஆத்தை நம்பிக் குடுக்கலாம்" என்றார். குணவதி அழுதுவிட்டார். நானும்தான்.

5

மெரே ஒரு நிபந்தனை வைத்தார்: வருகிற ஒவ்வொருவரும் ஊர் வாசலில் நின்று, மலை எது, ஆறு எது என்பதற்குத் தன் பதிலைத் தானே சொல்லவேண்டும். துர்க்கா சொல்லிக்கொடுக்கக் கூடாது.

முதல் குழுவில் நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். ஆகவே என் பதில் தெரியும்வரை முடிவு என்னிடம் இல்லை. எழுதிப் பார்க்கிறேன்:

என் மலை

என் ஆறு

சரி, நீங்கள் முதலில் சொல்லுங்கள்.